நிமிர்ந்து உட்கார்ந்தும் வலிக்கிறதே!

கேள்வி: ஐ.டி. வேலை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி முதுகை நேராக வைத்துத்தான் நாள் முழுக்க உட்கார்கிறேன். அப்படியும் சாயங்காலமானால் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறதே, ஏன்?
– மென்பொருள்காரர், தாம்பரம்

பதில்: ‘நாள் முழுக்க’ என்றீர்களே, வியாதி அங்கேதான் இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்குகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. குனிந்து, நிமிர்ந்து, நடக்கும்போது அவற்றின் மேல் அழுத்தம் ஏறி இறங்கும். சத்து உள்ளே போக அந்த ஏற்ற இறக்கம் துணை செய்கிறது. நீங்களோ விறைத்து உட்கார்ந்து டிஸ்கைப் பட்டினி போடுகிறீர்கள். நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளுக்கும் ஓய்வில்லை. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆட்களை உட்கார வைத்தே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். தொடைக்கும் உடம்புக்கும் 135 டிகிரி இருக்கும்படி சாய்ந்தபோதுதான் டிஸ்குகள் இடம் பெயராமல் சமர்த்தாக இருந்தனவாம். இதைக் காட்டி மேனேஜரிடம் கட்டில் கேட்காதீர்கள். அந்தச் சாய்வில் கீபோர்டு எட்டாது. செங்கோணத்தைவிடக் கொஞ்சம் சாய்ந்து, முதுகு நாற்காலியில் படிந்திருந்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வாங்கினால் தானாகவே எழுவீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர், முப்பதாயிரம் ரூபாய்க்கு ‘எர்கனாமிக்’ நாற்காலி கேட்டு அடம்பிடிக்கிறார். வாங்கித் தரலாமா?
– இல்லத்தரசி, கோவை

பதில்: முதலில் அவருடைய லேப்டாப்பைப் பாருங்கள். திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரை கண்ணுக்குச் சரியான உயரத்தில் இருந்தால் கை அந்தரத்தில் தொங்கும். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். எத்தனை ஆயிரம் கொடுத்து நாற்காலி வாங்கினாலும் இந்தச் சண்டை தீராது. மகனின் பழைய நீட் கைடுகள் நாலைந்தை அடுக்கி, அதன் மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். தனியாக ஒரு கீபோர்டும் மௌஸும் வாங்குங்கள். முழங்கை உடம்பை ஒட்டி மடங்க வேண்டும். பாதம் முழுசாகத் தரையில் படியவேண்டும். எட்டவில்லையென்றால் காலடியில் ஒரு மணை. இடுப்பு வளைவுக்குச் சுருட்டிய துண்டு. இதற்குப் பிறகும் கேட்டால், அவர் கேட்பது முதுகுக்காக இல்லை, வீடியோ மீட்டிங்குக்காக.

கேள்வி: நின்றுகொண்டே வேலை பார்க்கும் மேசை நல்லதா?
– மதுரை வாசகர்

பதில்: உட்காரவும் முடிந்தால் நல்லது. நாளெல்லாம் நின்றால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

கேள்வி: செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் இறங்குகிறதாமே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் சொன்னது. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு ஒரு சிப்பம் அரிசிக்கு மேல் பாரம் என்று கணினியில் கணக்குப் போட்டார். யார் கழுத்திலும் தராசு வைத்துப் பார்க்கவில்லை. கணக்கு கூடக்குறைய இருக்கட்டும், போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கை சீக்கிரம் வலித்துவிடும். போனைக் கீழே வைப்பீர்கள். இரட்டை லாபம்.

கேள்வி: கட்டை நாற்காலியிலேயே முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தேன். ஒரு வலியும் கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பில்லை என்கிறேன். சரிதானே?
– ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நீங்கள் முப்பது வருஷமும் உட்கார்ந்தா இருந்தீர்கள்? கோப்பு தேட ரிக்கார்டு ரூம், கையெழுத்து வாங்க அதிகாரி அறை, பதினொரு மணிக்கு டீக்கடை. இவர்களுக்கு எல்லாமே விரல் நுனிக்கு வந்துவிடுகிறது, டீ உட்பட. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ் 1953-லேயே வெளியிட்டார்: மாடி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். நீங்கள் கண்டக்டர் கட்சி. இன்னொன்று, எழுத்தர்களுக்கு வலியே வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓயாமல் உட்கார்வதாலும் ஒரே மாதிரி கையை அசைப்பதாலும் அவர்களுக்கு வரும் உபாதைகளை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-இலேயே புத்தகத்தில் எழுதிவிட்டார்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
– சேலம் வாசகர்

பதில்: வலி காலுக்கு இறங்கினால், வாரக்கணக்கில் நீடித்தால் போங்கள். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. இதில் வேடிக்கை இல்லை.

கேள்வி: உட்கார்ந்தால் வலிக்கிறது என்று இத்தனை பேர் புலம்புவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்களுக்கு உட்காரக் கிடைத்தால் போதும்!
– ஜவுளிக்கடை விற்பனைப் பெண், சென்னை

பதில்: சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு, உட்காரவும் உண்டு. கேரளம் 2018-இல் வழி காட்டியது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றார்கள். மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால், ‘இங்கே வந்து காட்டும்மா’ என்று எழுப்பாதீர்கள். நீங்களே நாலு எட்டு நடந்து போய்ப் புடவையைப் பாருங்கள். உங்கள் முதுகுக்கும் நல்லது.