பாம்புக்கும் போஸ்ட்மார்ட்டமா?

கே: எண்பத்தைந்து வயது அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?

ப: இயற்கை மரணத்துக்குப் போலீஸ் எதற்கு? பார்த்துவந்த டாக்டர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தருவார். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். அப்பாவின் கழுத்தில் காயமும் பீரோவில் கையெழுத்தாகாத உயிலும் இருந்தால் மட்டும் கதை வேறு.

கே: வயலில் பாம்பு கடித்துச் செத்தவரை எதற்கு அறுக்கிறார்கள்? பாம்பின் மேல் கேஸ் போடவா?

ப: அது தலைமறைவு! தற்கொலை, கொலை, விபத்து, இயந்திரம், விலங்கு, இவற்றால் வரும் சாவும் சந்தேகச் சாவும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 174) வரும். தகவல் வந்ததும் போலீஸ் விசாரித்தாக வேண்டும். பாம்புக்கடியும் கொலையாக இருக்கலாமே. 2020-இல் கொல்லம் மாவட்டத்தில் ஒரு கணவன், தூங்கிய மனைவியை நாகத்தால் கடிக்கவைத்தான். பற்தடங்களுக்கு இடையே இருந்த தூரம் இயல்பைவிட அதிகம். தலையை அமுக்கிப் பிடித்தால்தான் அப்படி விரியும். உயிருள்ள நாகத்தையும் பொம்மையையும் வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். 2021-இல் அவனுக்கு இரட்டை ஆயுள். பாம்பு நிரபராதி.

கே: தங்கைக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ‘தீராத வயிற்றுவலியால் தற்கொலை’ என்கிறார்கள் புகுந்த வீட்டார்.

ப: நம் ஊரில் அந்த வயிற்றுவலி மருமகள்களை மட்டுமே தேடிப் பிடிப்பது விந்தை. உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள், எரிக்க விடாதீர்கள். திருமணமாகி ஏழாண்டுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமாக இறந்தாலோ ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. பெண்ணின் உறவினர் கேட்டாலே போஸ்ட்மார்ட்டம் செய்ய அனுப்ப வேண்டும்.

கே: லாக்கப்பில் செத்தால் அடித்தவரே விசாரிப்பாரா?

ப: அந்த வசதி சட்டத்தில் இல்லை. அதே பி.என்.எஸ்.எஸ். 196-ஆம் பிரிவுப்படி மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். 2020-இல் காவலில் நேர்ந்த சாவை விசாரிக்கச் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம்தான் பெண் தலைமைக் காவலர் நடந்ததைச் சொன்னார்.

கே: சாவு விசாரணையில் ‘பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடுங்க’ என்கிறார் ஏட்டு. போடலாமா?

ப: தாராளமாக. உள்ளூர்க்காரர் இரண்டு பேராவது முன்னிற்க, காயம், எலும்பு முறிவு, கன்றிய இடம் எல்லாவற்றையும் எழுத வேண்டிய அறிக்கை அது. உடலைப் பார்த்து, எழுதியதைப் படித்து, பிறகு போடுங்கள். வெற்றுத்தாளை நீட்டினால் கை வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.