திரை இங்கே, ஆட்டம் எங்கே?

கேள்வி: கிளவுட் கேமிங் பரவினால் லினக்ஸ் கணினியில் ஆடுபவருக்கு லாபமா, நஷ்டமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆடுபவருக்கு லாபம், லினக்ஸுக்கு அது பாதி லாபம்தான்.

கிளவுட் கேமிங்கில் ஆட்டம் தொலைதூர சர்வரில் ஓடுகிறது. வீட்டுக்கு வருவது வீடியோ மட்டும். பிரவுசரில் ஆட முடிந்தால் விண்டோஸும் வேண்டாம், விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு இது வரம்.

தூரம்தான் முதல் சோதனை. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 17 மில்லிவினாடி. ஃபைபரில் சிக்னல் சென்னைக்குப் போய்வர 2 மில்லிவினாடி போதும். மும்பை என்றால் 11-ஐத் தாண்டும். அடுத்தது டேட்டா: 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி ஆட்டம் 9 ஜிபியை விழுங்கும்.

பெரிய கேள்வி உரிமை. கூகுளின் ஸ்டேடியா 2019-இல் லினக்ஸ் சர்வர்களில்தான் தொடங்கியது. அங்கே ஓடிய ‘டெஸ்டினி 2’வுக்கு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் ஸ்டேடியாவே மூடப்பட்டது. கிளவுட் என்பது சாவி தராத வாடகை வீடு.

வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸ் கணினியிலேயே ஓட்டுகிறது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் பரப்பிவரும் சுதந்திரமும் இதுவே. கிளவுட் துணையாக இருக்கட்டும்; புரோட்டானுக்கு மாற்றாகிவிடக் கூடாது.