அண்டவெளியில் நோ பார்க்கிங்

அண்டவெளி காலியான இடம் என்று நமக்கு அறிவியல் பாடம் எடுத்தவர்கள் யாரும் ஈவ் ஆன்லைன் ஆடியவர்கள் இல்லை. 2003 மே மாதம் ஐஸ்லாந்தில் சிசிபி என்ற கம்பெனி அந்த விளையாட்டைத் திறந்துவைத்தபோது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்களைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தது. கப்பல் வாங்கிக்கொள், கோட்டை கட்டிக்கொள், அடித்துக்கொள், ஏமாற்றிக்கொள், எங்களை மட்டும் கூப்பிடாதே என்பதுதான் அரசியல் சாசனம். ஆட வந்த கூட்டம் சில வருடங்களில் ஐஸ்லாந்தின் மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. ஆளுக்கு நாலு கப்பல், கோஷ்டிக்கு நாலு கோட்டை. பிறகு பாதிப் பேர் கல்யாணமாகியோ, வேலை கிடைத்தோ, அலுத்துப்போயோ ஆட்டத்தை விட்டுப் போனார்கள். கப்பலும் கோட்டையும் போகவில்லை.

இந்தக் குப்பையை அள்ள சிசிபி கையில் எடுத்த ஆயுதங்கள் இரண்டு. இரண்டையும் பல காலம் முன்பே பரீட்சித்துப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். 1878 டிசம்பர் 10-ல், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில், கிராம முன்சீப் வீட்டில் பிறந்தவர். ஊரில் அந்த வீட்டை அரசாங்கம் நினைவில்லமாக வைத்திருக்கிறது. ராஜாஜிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சிசிபிக்கு ராஜாஜியைத் தெரியாமல் போனதுதான் குறை. தெரிந்திருந்தால் பதினேழு வருடம் மிச்சமாகியிருக்கும்.

கதையை அவரிடமிருந்தே தொடங்கலாம். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார் (அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பட்டம்). அந்த அக்டோபரிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. தொரப்பள்ளியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டம்தான், ஆகவே சொந்த ஊர்க்காரர்கள் தொண்டைதான் முதலில் வறண்டது. கள்ளுக்கடையை மூடினால் கஜானாவும் வறளும் என்று ஒரு வழக்கறிஞருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல். பதின்மூன்று வருடம் கழித்து, 1952-ல் மறுபடி முதல்வராக வந்ததும், உணவு தானியங்களின் மேல் இருந்த கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ஒரே அடியில் தூக்கிப் போட்டார். ஒரு கையால் வரி போடுவார், மறு கையால் கட்டை அவிழ்த்துவிடுவார். எண்பது வயதில், 1959-ல், சுதந்திராக் கட்சி ஆரம்பித்து, லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று டெல்லியைத் திட்டித் தீர்த்தது தனிக் கச்சேரி.

ஈவின் முதல் யுகம் அசல் பெர்மிட் ராஜ்யம். நிலவைச் சுற்றி ஒரு கோபுரம் நடலாம், அதுதான் உங்கள் தளம். அது ஓட எரிபொருள் வேண்டும். எரிபொருள் என்றால் ஏதோ பெட்ரோல் மாதிரி ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். செறிவூட்டிய யுரேனியம், ஆக்சிஜன், கூலன்ட், இயந்திர பாகங்கள், ரோபோட்டிக்ஸ், கனநீர், திரவ ஓசோன், ஐசோடோப்பு என்று மளிகைக் கடைச் சீட்டு மாதிரி நீளும். அத்தனையும் மணிக்கணக்கில் தீரும், ஒன்று தீர்ந்தாலும் கோபுரம் அணைந்துவிடும். பேரரசுகளின் எல்லைக்குள் நட்டிருந்தால் இன்னொன்றும் வேண்டும்: மணிக்கு ஒரு அனுமதிச் சீட்டு. ஆமாம், பெர்மிட். விண்வெளியில், அறுபது நிமிடத்துக்கு ஒன்று. டெல்லி செக்ரடேரியட்டில் கூட அப்போது இந்த வேகத்தில் பெர்மிட் நகர்ந்திருக்காது.

முதலாளி ஆட்டத்தை விட்டுப் போனதும் எரிபொருள் தீரும், கோபுரத்தைச் சுற்றியிருந்த பாதுகாப்புக் குமிழி மறையும். உள்ளே அவர் நிறுத்திவிட்டுப் போன கப்பல்கள் அப்படியே மிதக்கும். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம், ஓட்டிக்கொண்டும் போனார்கள். ஆனால் கோபுரம்? அது நகராது. ஒரு நிலவுக்கு ஒரு கோபுரம்தான் என்பதால், செத்த கோபுரம் நிற்கும் நிலவில் புதிய ஆள் குடியேற முடியாது. சரி, சுட்டுத் தள்ளலாம் என்றால், பாதுகாப்பான மண்டலங்களில் கான்கார்ட் என்றொரு போலீஸ் உண்டு. அடுத்தவன் சொத்தில் ஒரு குண்டு பட்டால் உங்கள் கப்பலைத் தூளாக்கிவிடும். உரிமையாளர் இருக்கிறாரா, செத்தாரா, சந்நியாசம் போனாரா என்று அது விசாரிக்காது. முறைப்படி கட்டணம் கட்டி, அந்தக் கோஷ்டி மேல் போர் அறிவித்து, மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் கிடைப்பது ஒரு காலி நிலவு. புறம்போக்கில் நிற்கும் கட்டடத்துக்குப் பட்டாக்காரனைவிட அதிகப் பாதுகாப்பு கிடைப்பதை நம்மூரில் பார்த்திருக்கிறோம், ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அது புதிது.

இதற்கிடையில் பில் கட்ட மறந்த கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் ஈவ்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2014 ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்று பெயருள்ள மண்டலம். அங்கே ஆதிக்கம் செலுத்திய கூட்டணி கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் போனது. துரோகமும் இல்லை, வியூகமும் இல்லை, பில்தான். ஆதிக்கம் காலாவதியானது, எதிரணி உள்ளே புகுந்தது, இருபத்தொரு மணி நேரம் அடிதடி. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். விளையாட்டிலேயே மிகப் பெரிய கப்பலான டைட்டனில் 75 போனது. (நம் ஓசூர் டைட்டன் இல்லை. அது டாடாவும் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கியது, மணி காட்டும், வெடிக்காது.) நஷ்டத்தை நிஜப் பணமாக்கிப் பார்த்தவர்கள் சுமார் மூன்று லட்சம் டாலர் என்றார்கள். கரண்ட் பில் கட்ட மறந்தால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள் என்று தெரிந்த நமக்கே இது கொஞ்சம் அதிகப்படி.

சண்டை முடிந்ததும் சிசிபி செய்ததுதான் இன்னும் அழகு. குப்பை குப்பை என்று புலம்பிய அதே கம்பெனி, அந்த டைட்டன் சடலங்களை நிரந்தர நினைவுச் சின்னமாக அங்கேயே மிதக்கவிட்டது. சிறிய குப்பைக்கு அபராதம், பெரிய குப்பைக்கு மணிமண்டபம். தமிழ்நாட்டிலிருந்து யாரோ ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டம் சேர்ந்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் கணக்குப் போடுவது சர்வர். ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே இடத்தில் குவிந்தால் அதற்கு மூச்சு முட்டும். அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் காலத்தையே மெதுவாக்குவது. நெரிசல் முற்றினால் அந்த மண்டலத்தில் நேரம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுகிறவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் வெகுகாலமாகப் பழக்கம்.

2016 ஏப்ரலில் சிசிபிக்குள் 52-ஆம் வருடத்து ராஜாஜி புகுந்தார். சிட்டாடல் என்ற புது வகைக் கோட்டைகள் வந்தன. நிலவு வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடலாம். எரிபொருள்? உள்ளே கடை, பட்டறை ஓட்டினால்தான் வேண்டும், கோட்டை சும்மா நிற்க ஒன்றும் வேண்டாம். கட்டு அவிழ்ந்தது. ராஜாஜி அவிழ்த்துவிட்டபோது அரிசி சந்தைக்கு வந்தது, ஜனங்கள் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள், தீர்ந்தது. கோட்டையை யாரும் சாப்பிடுவதில்லை. நட்டது நட்டபடி நின்றது, அதன் பக்கத்தில் இன்னொருவர் நட்டார். போதாததற்குச் சொத்துப் பாதுகாப்பு என்று ஒரு சலுகை வேறு: கோட்டை இடிந்தாலும் உள்ளே வைத்த பொருள் மாயமாகப் பத்திரமான இடத்துக்குப் போய்விடும், அதிகபட்சம் நூற்றுக்குப் பதினைந்து கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஆக, பாழடைந்த கோட்டையை இடிப்பவனுக்குப் பல நாள் மெனக்கெட்டும் பைசா லாபமில்லை. இடிக்க எவன் வருவான்?

இந்த வியாதி ஐஸ்லாந்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஃபிரான்டியர் கம்பெனி நடத்தும் எலைட் டேஞ்சரஸ், நம் பால்வீதியையே முழு அளவில் செய்து வைத்திருக்கிறது, நாற்பதாயிரம் கோடி நட்சத்திரம். 2020 ஜூனில் ஆளுக்கொரு தாய்க்கப்பல் வாங்கலாம் என்றார்கள். விலை ஐந்நூறு கோடி கிரெடிட். அவ்வளவு நட்சத்திரம் இருந்தும் எல்லோரும் பிரபலமான ஏழெட்டு இடங்களில் போய் நிறுத்தினார்கள். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைப் பட்டியலில் தேடினால் அடுத்தவர்கள் கப்பல் பெயராகவே வந்துகொண்டிருந்தது. பின்னாளில் பட்டியலிலிருந்து அவற்றை மறைக்க ஒரு வடிகட்டி கொடுத்தார்கள். குப்பை அகலவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை. முதலமைச்சர் வரும் வழியில் தட்டி கட்டும் நம் நகராட்சியின் முறை அது.

சிசிபி கடைசியில் 39-ஆம் வருடத்து ராஜாஜியிடம் வந்து சேர்ந்தது, அதுவும் கொஞ்சம் கொடூரமான பதிப்பாக. 2020 மே 26, உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்த நேரம். புதுச் சட்டம்: எரிபொருள் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாள் கிடந்தால் கோட்டை 'கைவிடப்பட்டது'. அவகாசம் கிடையாது, சொத்துப் பாதுகாப்பு கிடையாது, இடித்தவன் அள்ளிக்கொள்ளலாம். அதாவது நிற்பதற்கு வாடகை, கட்டாவிட்டால் கொள்ளை. துப்புரவுக்கு ஒரு ஆளைக்கூடச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. ஆட்டக்காரர்களே படை திரட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாழடைந்த கோட்டைகளை உடைத்து, பல வருடம் முன்னால் போனவர்கள் சேர்த்து வைத்த கப்பல்களையும் சாமான்களையும் மூட்டை கட்டினார்கள். பதினேழு வருடப் பிரச்சினைக்குப் பேராசையைப் போல வேகமான துடைப்பம் வேறு இல்லை என்று கம்பெனி கண்டுகொண்டது. ஊரில் இல்லாதவன் சொத்துத்தான் கொள்ளை போனது என்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆனால் ஊரில் இருந்த யாரும் புகார் சொல்லவில்லை, அவர்கள்தான் அள்ளிக்கொண்டிருந்தார்களே.

வரி என்றாலே குப்பை குறையும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். தொரப்பள்ளிக்காரர் போட்ட விற்பனை வரி பிற்பாடு வளர்ந்து, மாநில எல்லைகளில் சோதனைச்சாவடியாக முளைத்து, ஜூஜூவாடியில் லாரிகளை வரிசை கட்டி நிற்க வைத்தது. அவர் பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், அவர் வரிக்காக, ஓசூரில் செய்த அசோக் லேலண்டுகளே காத்துக் கிடந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, தமிழ்நாடு வணிகவரிச் சோதனைச்சாவடிகளை மூடியபோதுதான் அந்த வரிசை கலைந்தது. நிறுத்தி வைத்து வாங்கும் வரி நெரிசலை உண்டாக்கும், நிற்பதற்காக வாங்கும் வரி நெரிசலைக் கலைக்கும். இந்த வித்தியாசம் ராஜாஜிக்குத் தெரிந்திருக்கும், அவருக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கு எழுதி வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

நம் ஊர்களில் கோபுரம் மாதிரி செத்து நிற்பவை காவல் நிலைய வளாகத்து வண்டிகள்தான். வேப்பமரத்தடியில் சக்கரம் மண்ணில் புதைந்து, சீட்டுக் கிழிந்து, பெட்ரோல் டேங்கில் ஓட்டை விழுந்து நிற்கும் டி.வி.எஸ். 50-ஐப் பார்த்திருப்பீர்கள். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கிறது. அதற்கும் சட்டம் உண்டு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது: பறிமுதல் வண்டியை நீண்ட காலம் ஸ்டேஷனில் போட்டு வைப்பதில் பிரயோஜனமில்லை, புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடு, யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடு.

ஆகவே உங்கள் வண்டி ஸ்டேஷனில் நின்றால் ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுங்கள். எரிபொருள் போடாமல் ஈவில் கோட்டையை விட்டுவிட்டு வந்தவர்கள் மனுப் போட வேண்டாம். 2020-லேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.