கிட் ஆம்ப்ளிஃபையரில் உம்மைத்தொகை: ஓர் ஆய்வு

கிட் வாங்கி ஆம்ப்ளிஃபையர் கட்டிய எவரும் அது பேசிய முதல் சொல்லை மறப்பதில்லை. இளையராஜா பாட்டு வரும் என்று நம்பி சுவிட்சைத் தட்டுவார். ஸ்பீக்கர் ‘உம்ம்ம்’ என்னும். சென்னை ரிச்சி தெருவில் இதை ‘ஹம்மிங்’ என்பார்கள். அது உலக வழக்கு, ஆய்வுக்கு உதவாது. ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் எட்டுப் பொருள் வகுத்திருக்க, எல்லாவற்றையும் ஒரே ஹம்மிங்கில் அடைப்பது தமிழுக்கு இழுக்கு. அதைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘4440 போர்டு’. சான்யோ நிறுவனத்தின் எல்ஏ4440 என்ற, பதினான்கு கால் கொண்ட ஐ.சி. அதன் உயிர். 13.2 வோல்ட்டில் ஸ்டீரியோவாகப் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜாக இணைத்தால் 19 வாட் என்பது தயாரித்தவர் கணக்கு. விற்பவர் கணக்கு உயர்வு நவிற்சி அணியின்பாற் படும். கூடவே 12-0-12 டிரான்ஸ்பார்மர், இரண்டு டயோடு, ஒரு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர், வால்யூம் கன்ட்ரோல், ஹீட் சிங்க், ஒரு முழம் ஷீல்டு வயர்.

இந்தச் சிறிய ஐ.சி. வந்ததைச் சுமார் 51 டெசிபல் பெருக்கும். அதாவது முந்நூற்றைம்பது மடங்குக்கு மேல். வாசலில் ஒரு மில்லிவோல்ட் தப்பு நுழைந்தால் ஸ்பீக்கரில் அது மூன்றில் ஒரு வோல்ட்டாக வெளிவரும். உம் பிறக்கும் இடம் இதுவே என்க.

பாகங்களைச் சேர்ப்பது ஈயம். பழந்தமிழில் அதற்குப் பற்றாசு என்று பெயர். முதற்குறட்பாவோடு தனிச்சொல் ஒட்டாதபோது ஓரிரு அசை கூட்டி இணைப்பதை ஆசிடை நேரிசை வெண்பா என்பர்; கம்மாளர் உலோகத்தைப் பற்றவைக்கும் ஆசு போன்றது என்பது உரை. ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. சூடு ஏறாத காலில் ஈயத்தை மட்டும் உருக்கி அப்புகிறவர் இரண்டு பொருளையும் ஒருங்கே மெய்ப்பிக்கிறார். மெக்கானிக்குகள் இதை ‘டிரை சால்டர்’ என்பர். 60/40 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும்; செப்புத் தடமும் காலும் அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் பிடிக்கும்.

இனி வகைப்பாடு.

முற்றும்மை: வால்யூமை முற்றாகக் குறைத்தும் இரு ஸ்பீக்கரும் உறுமுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு டயோடுகளும் மாறி மாறி இரண்டு அரைச்சுற்றையும் கடத்துவதால் கெப்பாசிட்டருக்கு நொடிக்கு நூறு தள்ளல் கிடைக்கும். ஆகவே இந்த உம் 100 ஹெர்ட்ஸ். ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடையில் கெப்பாசிட்டர்தான் வீட்டைத் தாங்க வேண்டும். ஒரு ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரட் தள்ளாடிவிடும். 4700 போட்டால் ஆட்டம் இரண்டு வோல்ட் அளவில் நிற்கும்.

எண்ணும்மை: சாக்கெட்டும் சேஸிஸும் வால்யூம் கன்ட்ரோலும் போர்டும் ஆளுக்கோர் இடத்தில் கிரவுண்டு ஆனதால் வருவது. ஸ்பீக்கரின் பெரிய மின்னோட்டம் திரும்பும் வழியிலேயே பாட்டின் மெல்லிய சிக்னலும் திரும்பினால் இரண்டும் கலக்கும். எல்லா கிரவுண்டையும் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் கூட்டினால் எண் ஒன்றாகும், உம் அடங்கும்.

ஐயவும்மை: லேப்டாப்பைச் செருகியதும் தொடங்குவது. குற்றம் லேப்டாப்புக்கா, போர்டுக்கா என்ற ஐயம் இதன் இலக்கணம். இரண்டும் மூன்று முனை பிளக்கில் எர்த் ஆகியிருந்தால் எர்த் கம்பி வழியே ஒரு வளையம் உண்டாகிறது. சார்ஜரைக் கழற்றியதும் ஓய்ந்தால் ஐயம் தீர்ந்தது.

எதிர்மறையும்மை: வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பைத் தொட்டதும் அடங்கி, கை எடுத்ததும் மீள்வது. அந்த உடம்புக்கு கிரவுண்டு கொடுக்கவில்லை என்று பொருள். ஒரு சாண் கம்பி போதும்.

சிறப்பும்மை: வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை விரலால் தொட, ஸ்பீக்கர் ஓங்கி உம் கொட்டுவது. வீட்டு ஒயரிங்கிலிருந்து நம் உடம்பு வாங்கி வைத்திருக்கும் 50 ஹெர்ட்ஸ்தான் அது. முற்றும்மைக்கு ஒரு ஸ்தாயி கீழே. மற்ற உம்மைகளுக்கு முகம் சுளிக்கும் மெக்கானிக் இதற்கு மட்டும் சிரிப்பார். போர்டுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு இதுவே அவருடைய நாடி பார்த்தல். ஒரே ஓசை, விரல் வைத்து வந்தால் குணம். வைக்காமல் வந்தால் நோய். இவ்விதி டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் உள்ள குறைந்த வோல்ட் பக்கத்துக்கே உரியது. 230 வோல்ட் ஏறும் பக்கத்தில் விரல் வைத்தால் வருவது உம் அன்று, ‘ஆ’.

எச்சம், தெரிநிலை, ஆக்கம் ஆகிய மூன்றுக்கும் 4440 போர்டில் சான்று கிடைக்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்போர் தேடிப் பார்க்கலாம்.

ஈயத்தைத் திருத்தி, கிரவுண்டை ஒருமுகப்படுத்தி, ஷீல்டு வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் பிடித்து, டிரான்ஸ்பார்மரை இன்புட்டிலிருந்து தள்ளி வைத்தபின் ஸ்பீக்கர் வாய் மூடும். உம் ஒழிந்தது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. ‘இரவுபகல்’ என்னும்போது உம் செத்துப்போவதில்லை, தொக்கி நிற்கிறது. நன்றாகக் கட்டிய 4440-ம் உம்மைத்தொகையே. ஐயமுள்ளவர் ராத்திரி தெரு அடங்கியபின், பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்கத் திருகி, ஸ்பீக்கர் கோனில் காதை வைத்துப் பார்க்கலாம். வீட்டில் யாரும் அந்த நேரம் பிளே பட்டனை அமுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.