கண்ணைக் கட்டிக் காசு பார்ப்பவர்

ஸ்டார்ட்டப் நிறுவனர்களில் பல வகை உண்டு. பிரியாணி கொண்டுவருபவர், கடன் கொண்டுவருபவர், பல் தேய்க்கும் கரியை மாதச் சந்தாவில் கொண்டுவருபவர் என்று எல்லாருமே நாம் இருக்கும் இடத்துக்கு வருவார்கள். மாலில் விஆர் (மெய்நிகர்) அரங்கு நடத்துபவர் மட்டும் நேர்மாறு. நம்மை வீட்டிலிருந்து கிளப்பி, தன் இடத்துக்கு வரவழைத்து, டிக்கெட்டும் கிழித்து, வந்து நின்றதும் கண்ணை மூடி, "இப்போ நீங்க இங்க இல்லை" என்பார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கறுப்பு டீ-ஷர்ட், மார்பில் கம்பெனி சின்னம், நெற்றியிலும் கன்னத்திலும் ஹெட்செட் பதிந்த தழும்பு. "இம்மர்ஷன்" என்ற சொல் இல்லாமல் இவரால் காபி கூடக் கேட்க முடியாது. பேசும்போது இரண்டு கையும் காற்றில் எதையோ பிடித்து எங்கோ நகர்த்தும். மால் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள், கை சட்டென்று இறங்கிவிடும்.

கணக்கு அப்படி. ஒரு ஹெட்செட், ஒரு ஆள். பத்து நிமிடம் ஆட்டம். மாட்ட, கழற்ற, முந்தைய வாடிக்கையாளரின் வியர்வையைத் துடைக்க ஐந்து நிமிடம். மணிக்கு நாலு பேர். ஆறு ஹெட்செட் ஓய்வில்லாமல் ஓடினாலும் 24 பேர். பக்கத்துக் கடையில் சோளப்பொரி விற்பவர் அந்த 24 பேரை இடைவேளைக்குள் முடித்துவிடுவார்.

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் படங்களில் இவருடைய வம்ச வரலாறு அமெரிக்காவில் தொடங்கும். 1962-இல் மார்ட்டன் ஹெய்லிக் என்பவர் காப்புரிமை வாங்கிய சென்சோரமா: தலையை நுழைத்தால் படம், ஒலி, காற்று, வாசனை எல்லாம் வரும் பெட்டி. அடுத்த படம் 2012, ஆக்குலஸ் ஹெட்செட். அதற்கடுத்தது 2014, ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை வாங்கிய விலை சுமார் 200 கோடி டாலர். இந்தப் படம் வரும்போது அறையில் சிறிது நேரம் நிற்பார், ஆரத்திக்கு நிற்பதுபோல.

நம் ஊர் முன்னோர்கள் அந்த வரிசையில் வரமாட்டார்கள். 1905-இல் திருச்சி ரயில்வே வேலையை விட்டு, புரொஜெக்டர் ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இல்லை. 1984-இல் மை டியர் குட்டிச்சாத்தான் படத்துக்குக் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடியால் கண்நோய் பரவுகிறது என்ற பேச்சு கிளம்பி, கண்ணாடியைப் பற்றிப் பிரபல நடிகர்களை வைத்து விளக்கம் சொல்ல வேண்டிவந்த கதையும் இல்லை. துடைக்கும் துணியோடு அன்றாடம் நிற்கும் இவருக்குத்தான் அந்தக் கதை முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திருவிழாவில் பயாஸ்கோப்புப் பெட்டி தூக்கியவரின் வாரிசு என்று சொன்னால் ஃபண்டிங் வராது அல்லவா?

மால்காரர் வாடகையை ஏற்றியதும் இவருக்கு இயற்கைமேல் காதல் வரும். ஹெட்செட்டையும் 360 டிகிரி கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு, திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி, நெல்லிவாசல்நாட்டில் வந்து இறங்குவார். திட்டம் இது: சாமைக் காட்டையும் பலா மரத்தையும் படம் பிடித்துக்கொண்டுபோய்ச் சென்னையில் விற்பது; போகிற போக்கில், "இந்த மலையிலேயே முதன்முறையாக" என்று ஒரு காட்சி நடத்திப் போட்டோ எடுத்துக்கொள்வது.

முதல் அடி அங்கேயே விழும். "மொதல் மொறயா?" என்பார் திண்ணையில் இருக்கும் பெரியவர். "காவலூர்ல பெரிய டெலஸ்கோப்பு இருக்குதே தம்பி, கண்ண வெச்சு வேற ஒலகம் பாக்கறாங்களே, அது இன்னாவாம்?" பெரியவர் சொல்வது சரிதான். இதே மலையில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி இரண்டே கால் மீட்டருக்கு மேல் அகலம்.

இவர் சளைக்கமாட்டார். ஒரு ஆயாவை உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டுவார். ரோலர் கோஸ்டர் ஓடும். ஆயாவின் கண் பாதாளத்தில் விழும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு ஆடவே இல்லை என்று சத்தியம் செய்யும். இரண்டுக்கும் வழக்கு முற்றினால் வயிறு தீர்ப்புச் சொல்லும். மலைப் பாதை பஸ்ஸில் இதே வழக்கு தலைகீழாக நடப்பதால் ஊர்க்காரர்களுக்கு மருந்து தெரியும். சொல்லாமலே ஒருவர் எலுமிச்சம்பழத்தை நீட்டுவார்.

ஆனால் அதற்குள் அங்கே வேறொன்று நடந்துவிட்டிருக்கும். ஆயா காற்றைக் கட்டிப்பிடிப்பதையும், இல்லாத பள்ளத்துக்குக் காலை இழுத்துக்கொள்வதையும், "ஐயோ, நிறுத்துடா!" என்று தன் பேரனைத் திட்டுவதையும் பார்க்க ஊரே கூடியிருக்கும். அடுத்து ஆட்டோக்காரரைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அதற்கடுத்து வாத்தியாரை. மாட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள்கூடப் பார்க்க வெட்கப்படமாட்டார்கள். மாலில் ஒரு மாதத்தில் இவர் கேட்காத சிரிப்பு, அரை மணியில் கேட்கும்.

சுதாரித்துக்கொண்ட ஆயா இவரைக் கூப்பிடுவார். விடிய விடியக் கூத்துப் பார்த்து, எந்த வேஷத்துக்குக் கூட்டம் அசையும் என்று அறிந்த அனுபவம் அவருக்கு.

"எவ்ளோ வாங்கற தம்பி?"

"ஆளுக்கு இருநூறு ரூபா ஆயா. சென்னையில முன்னூறு."

"யார்கிட்ட?"

"மாட்டிக்கறவங்ககிட்ட."

"அங்கதான் தப்பு பண்ற. கண்ணக் கட்டிக்கினு கஷ்டப்படறவனுக்கு நீ குடு. சுத்தி நின்னு சிரிக்கறவங்ககிட்ட வாங்கு."

இவர் அசந்து நிற்பார். உலகத்தில் இந்தத் தொழிலுக்குப் பட்ட காயம் கொஞ்சமா? ஸ்டார் வார்ஸ் கதையையே கையில் வைத்திருந்த அமெரிக்க விஆர் நிறுவனம் தி வாய்ட் 2020-இல் கடையை மூடியது. ஹாங்காங்கில் பிறந்த சாண்ட்பாக்ஸ் விஆர் அதே ஆண்டு திவாலாகி, பிறகு எழுந்தது. அவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு ஆலோசனை, அதுவும் இலவசமாக, யார் சொன்னார்கள்?

அடுத்த மாதம் சென்னையில் ஒரு முதலீட்டாளர் கூட்டம். புதிதாக ஒரு படம் சேர்ந்திருக்கும்: "ஸ்பெக்டேட்டர் மானிடைசேஷன் — எங்கள் ஆய்வுக் குழுவின் கண்டுபிடிப்பு." எந்த ஆய்வுக் குழு என்று யாராவது கேட்டால், கை மறுபடியும் காற்றில் எழும்பும்: "மலையில பண்ணோம் சார். சீனியர் கன்சல்டன்ட் ஒருத்தங்க இருக்காங்க. ஃபீஸே வாங்கமாட்டாங்க."