டப்பாவுக்குள் ஒரு தகர மனிதன்

நீ ஊரெல்லாம் தேடுவது உன்னிடமே இருக்கிறது, பேசாமல் வீடு போய்ச் சேர். 1939-இல் வந்த ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படம் சொன்னது இவ்வளவுதான். கேட்டு உருகியவர்கள் நேரே பொம்மைக் கடைக்குப் போனார்கள். 1974-இல் மெகோ நிறுவனம் படத்தின் நாயகி டாரத்தி முதல் கோழைச் சிங்கம்வரை எட்டு அங்குலப் பொம்மைகளாக இறக்கிவிட்டது.

இதயம் கேட்டுக் கெஞ்சிய தகர மனிதனைச் சேகரிப்பாளர் அலமாரியில் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் நின்றபடி, பிளாஸ்டிக் சன்னல் வழியே வெறித்துக்கொண்டிருப்பான். பெட்டியைப் பிரித்தால் விலை இறங்கிவிடும். பேரன் தொட்டால் கேட்கவே வேண்டாம். பொம்மை வாங்குவது விளையாடத்தான் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களை அந்த வீட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

படத்தில் டாரத்தி அணிந்த காலணியின் கதை இன்னும் மேல். படத்துக்கு மூலமான நாவலில் அது வெள்ளி. டெக்னிகலர் வண்ணத்தில் எடுபடட்டும் என்று மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். அதில் ஒரு ஜோடி 2005-இல் மின்னசோட்டா அருங்காட்சியகத்தில் களவு போனது, 2018-இல் மீட்டார்கள், 2024 ஏலத்தில் கட்டணம் உட்பட 3.25 கோடி டாலருக்குப் போனது. திருடியவர் அதில் பதித்திருப்பது நிஜ மாணிக்கம் என்று நம்பித்தான் எடுத்தாராம். எல்லாம் ஜிகினா.