ஜோடிக் கணக்கும் கோர்ட்டுக் கணக்கும்

ஆம்பூர் பக்கம் 48ஆம் எண் நெடுஞ்சாலையில் விபத்தென்றால் கூடுகிற கூட்டம் கேட்பது, "யார் மேல தப்பு?" நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் அதோடு விடாது. வயசென்ன, சம்பளம் எவ்வளவு?

இறந்தவரின் வயதுக்கு அட்டவணை உண்டு. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டது: 25 வரை ஆண்டு வருமானத்தை 18ஆல் பெருக்கு, 65 தாண்டினால் 5. கல்யாணமாகாதவர் பாதியைத் தனக்கே செலவழிப்பார் என்பது பொதுவான அனுமானம்; அந்தப் பாதி கழிக்கப்படும். ஆம்பூர் ஷூ கம்பெனிச் சம்பளத்தைக் கவரோடு அம்மாவிடம் நீட்டும் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சம்பளம்தான் சிக்கல். வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகம் தைப்பவர்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி, சம்பளச் சீட்டு ஏது? நீதிபதி உத்தேசமாக ஒரு தொகை போடுவார். 2014இல் ஒரு காய்கறி வியாபாரிக்கு உச்ச நீதிமன்றம் போட்டது மாதம் 6,500 ரூபாய்.

இடித்த வண்டி சிக்காமலே போனால் பெருக்கலே இல்லை: உயிருக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம்.

வருமானக் கணக்கு போக, உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு (2017) இறுதிச் சடங்குக்கு 15 ஆயிரமும், துணையை இழந்ததற்கு 40 ஆயிரமும் வைத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறுமாம். இதே சாலையின் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கட்டணம் வருஷா வருஷம் திருத்தப்படுகிறது.